எம்மா பீல் போல உடுத்துவது எப்படி? தோல் உடுப்பில் தொடங்காதீர்கள்

அறுபதுகளின் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் ‘தி அவெஞ்சர்ஸ்’. அதன் நாயகி எம்மா பீலைத் தேடினால் முதலில் வந்து நிற்பது கறுப்புத் தோல் கேட்சூட்தான். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே துண்டாக உடம்பைக் கவ்விப் பிடிக்கும் அந்த உடுப்பு ஒன்று கிடைத்தால் போதும், வேலை முடிந்தது என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு மாறுவேட விருந்துக்காகச் செயற்கைத் தோலில் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் முதுகு முழுக்க வியர்வை. மேல் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுக்கக் கை உயரவில்லை. சரி, உட்காரலாம் என்று உட்கார்ந்தேன். பின்பக்கத் தையல் ‘டர்ர்’ என்றது. மீதி மாலையைச் சுவரில் சாய்ந்தபடியே கழித்தேன்.

அதற்குப் பிறகுதான் தொடரை மறுபடி போட்டு, கதையை விட்டுவிட்டுத் துணியை மட்டும் பார்த்தேன். அப்போது புரிந்தது: அந்தப் பெண் பெரும்பாலான நேரம் தோலில் இல்லவே இல்லை. அவளுடைய உடுப்புகளை இரண்டு விஷயங்கள் தீர்மானித்திருக்கின்றன. ஒன்று, கேமராவில் எப்படித் தெரியும் என்பது. மற்றது, அதைப் போட்டுக்கொண்டு ஓட, உதைக்க, தாழ்வான காரில் ஏறி இறங்க முடியுமா என்பது. கீழே சொல்லப்போகும் எல்லாம் இந்த இரண்டிலிருந்துதான் வருகிறது.

தொடரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ‘தி அவெஞ்சர்ஸ்’ 1961 முதல் 1969 வரை பிரிட்டனின் ஐடிவி என்ற தொலைக்காட்சியில் ஓடிய துப்பறியும் தொடர். சுத்தியலும் கேடயமும் தூக்கிக்கொண்டு வரும் மார்வெல் ஆட்களுக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. அந்தப் படம் 2012-இல் பிரிட்டனில் வந்தபோது, இந்தத் தொடரோடு குழம்பிவிடக் கூடாது என்று அங்கே பெயரையே மாற்றித்தான் வெளியிட்டார்கள். வட்டத் தொப்பியும் குடையுமாக வரும் ஜான் ஸ்டீடாகப் பாட்ரிக் மெக்னீ. 1965-இலிருந்து அவருக்குத் துணையாக வந்த எம்மா பீல், டயானா ரிக். ஆண்களைக் கவரும் தன்மை என்பதற்கான ‘மேன் அப்பீல்’ என்ற ஆங்கிலச் சொற்களை ‘எம் அப்பீல்’ என்று சுருக்கி உச்சரித்துப் பார்த்து உருவாக்கிய பெயர் அது. டயானா ரிக்கின் சிறுவயது ராஜஸ்தானின் பிகானேரில் கழிந்தது. அவருடைய அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் வேலை.

முதல் வேலை: எந்த எம்மா என்று முடிவு செய்யுங்கள்

எம்மா பீல் ஒருத்தி இல்லை, இரண்டு பேர். இதைத் தீர்மானிக்காமல் கடைக்குப் போனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு கலவையாக வந்து நிற்பீர்கள்.

1965–66 எம்மா கறுப்பு வெள்ளை. படச்சுருளே கறுப்பு வெள்ளை. தொடக்க எபிசோடுகளில் அவள் தோலில் வருகிறாள், ஆனால் அது அவளுடையது அல்ல. முன்னால் இருந்தவளின் மிச்சம். ஹானர் பிளாக்மேன் நடித்த கேத்தி கேல் என்ற பாத்திரம் சண்டை போடும்போது துணிக் கால்சட்டை கிழிந்துபோக, கிழியாத ஒன்று வேண்டும் என்று தோலுக்குப் போனார்கள். அது பெரிய பேச்சாகிவிட்டது. பிளாக்மேன் ஜேம்ஸ் பாண்ட் படத்துக்குப் போன பிறகு, புதிய நாயகிக்கும் அதையே மாட்டிவிட்டார்கள். படப்பிடிப்பு தொடங்கிச் சில எபிசோடுகள் ஆன பிறகு உள்ளே வந்த ஜான் பேட்ஸ் என்ற வடிவமைப்பாளர்தான் அந்த வழக்கத்தை உடைத்தார். ‘ஜீன் வரோன்’ என்று பிரெஞ்சு வாடை அடிக்கும் பெயரில் லண்டனில் உடுப்பு விற்றுக்கொண்டிருந்தவர். பாத் நகர உடை அருங்காட்சியகம் ஆண்டுதோறும் ஓர் உடையைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துவைத்து வந்தது. 1965-இல் அந்த இடம் பேட்ஸுடைய உடைக்குத்தான் கிடைத்தது.

1967 எம்மா வண்ணமயம். அமெரிக்கத் தொலைக்காட்சிப் பணம் வந்ததும் தொடர் வண்ணத்துக்கு மாறியது. உடைகள் ஆலன் ஹியூஸ் கைக்குப் போயின. ஒற்றை நிறத்தில், இழுபடும் பனியன் துணியில் அவர் தைத்த கேட்சூட்களுக்கு ‘எம்மாபீலர்’ என்றே பெயர் வைத்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஐடிவி வண்ணத்தில் ஒளிபரப்பத் தொடங்கியதே 1969 நவம்பரில்தான். அத்தனை ஊதாவையும் மஞ்சளையும் முதல் தடவை பார்த்த பிரிட்டிஷ் வீடுகளில் எல்லாமே சாம்பலாகத்தான் தெரிந்திருக்கும்.

என் கட்சி 1965–66. அதில்தான் கூர்மை இருக்கிறது. ஆனால் போட்டுக்கொள்ள வசதி 1967. புதிதாகத் தொடங்குபவர்கள் 1965–66 பாணியில் பாவாடையும் மேல்சட்டையும் சேர்த்துப் பழகிவிட்டு, அப்புறம் 1967 கேட்சூட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது: அலமாரியைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள்

காசு செலவில்லாத வேலை. கைபேசியில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டு, உங்களிடம் இருக்கும் துணிகளைக் கட்டிலில் பரப்பிப் படம் எடுங்கள். அதிர்ச்சியாக இருக்கும். கண்ணுக்கு எதிரும் புதிருமாகத் தெரியும் சிவப்பும் பச்சையும் படத்தில் ஒரே சாம்பலாகக் கலந்துவிடும். அடர் நீலமும் மெரூனும் கறுப்போடு போய்ச் சேர்ந்துவிடும்.

பேட்ஸுக்கு இருந்த சிக்கல் இதுதான். நிறம் உதவாத இடத்தில் உதவுவது வெளிச்ச வேறுபாடும் கோடும் மட்டும். அதனால்தான் அவர் கறுப்புக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு வெள்ளையை வைத்தார்; பளபளக்கும் வெள்ளிச் சரிகைத் துணியில் மேல்கச்சும் இடுப்புக்குக் கீழே நிற்கும் கால்சட்டையும் மேல்கோட்டும் தைத்தார். உங்கள் படத்தில் எந்த இரண்டு துணி ஒன்றையொன்று வெட்டித் தள்ளுகிறதோ, அந்த இரண்டையும் எடுத்துத் தனியாக வையுங்கள். மற்றதை மடித்து உள்ளே போடலாம். வெளிர் கிரீம் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் அது அழுக்கு போலத் தெரியும்.

மூன்றாவது: வெட்டு

ஐம்பதுகளின் உடை இடுப்பைப் பிடித்து, கீழே குடை போல விரிந்தது. எம்மாவின் உடை இடுப்பை மறந்துவிடுகிறது. தோள் ஒடுங்கியிருக்கும், கைக்குழி உயரமாக இருக்கும், அங்கிருந்து முழங்காலுக்கு மேல்வரை ஏறக்குறைய நேராக ஒரு கோடு. கால்சட்டையாக இருந்தால் தொப்புளுக்குக் கீழே, இடுப்பெலும்பில் உட்காரும். அந்த இடைவெளியில் வயிறு கொஞ்சம் தெரியும்.

தையல்காரரிடம் சொல்லும்போது ‘பழைய காலத்து உடை’ என்று மட்டும் சொல்லாதீர்கள். மணிக்கால் கால்சட்டை தைத்துக் கொடுத்துவிடுவார். அது எழுபதுகள். நான்கு விஷயங்களை மட்டும் சொல்லுங்கள்: தோள்பட்டை எலும்போடு நிற்க வேண்டும், கைக்குழி இறங்கக் கூடாது, இடுப்பில் ‘டக்’ (ஒடுக்கும் மடிப்புத் தையல்) பிடிக்கக் கூடாது, கால்சட்டை கணுக்காலில் ஒடுங்க வேண்டும். கைக்குழி ஏன் உயரமாக வேண்டும் என்று கேட்பார்கள். கைக்குழி இறங்கினால் கை தூக்கும்போது மொத்தச் சட்டையும் கூடவே மேலே ஏறும். உயரமாக இருந்தால் கை மட்டும் அசையும், உடம்பில் இருக்கும் துணி அசையாது. அடிதடிக் காட்சியிலும் அவள் கலையாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பாவாடை நீளத்துக்கு வருவோம். 1965-இல் குட்டைப் பாவாடை லண்டனிலேயே புதுசு. பேட்ஸ் தைத்துக் கொடுத்ததைத் தயாரிப்பாளர்கள் பிரித்து இறக்கிவிடுவார்கள் என்று பயம். நாம் குழந்தைக்குப் பள்ளிச் சீருடை தைக்கும்போது ‘உள்ளே நாலு விரல் விட்டுத் தைங்க’ என்று சொல்கிறோம் அல்லவா? அவர் அதற்கு நேர் எதிராக, மடிக்கத் துணியே விடாமல் கொடுத்தாராம். இறக்குவதற்கு உள்ளே ஒன்றும் இருக்காது. உங்களுக்கு அவ்வளவு பிடிவாதம் வேண்டியதில்லை. முழங்காலுக்கு மேல் எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் சரியாக வரும். அதற்குக் கீழே இறங்கினால் அலுவலக உடை ஆகிவிடும்.

நான்காவது: பட்டையும் வட்டமும்

அறுபதுகளின் நடுவில் ‘ஆப் ஆர்ட்’ என்ற ஓவியப் பாணி சூடு பிடித்தது. கோடுகளாலும் வட்டங்களாலும் கண்ணை ஏமாற்றும் கலை. பிரிட்டனில் பிரிட்ஜெட் ரைலி அதில் பெரிய பெயர். பேட்ஸ் அதை எம்மாவின் உடம்புக்குக் கொண்டுவந்தார். தொலைக்காட்சியின் தொழில்நுட்ப ஆட்களுக்கு இது பிடிக்கவில்லை. அன்றைய பிரிட்டிஷ் திரையில் 405 கோடுகள்தான். துணியில் இருக்கும் மெல்லிய கோடும் திரையின் கோடும் மோதினால் படம் நெளியும், மினுக்கும்.

இந்தப் பயம் இன்றும் செல்லும். மெல்லிய கோடு போட்ட சட்டையோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து பாருங்கள், துணி எறும்பு ஊர்வது போல ஊரும். ஆகவே கோடு வேண்டாம், பட்டை வேண்டும். குறைந்தது நான்கு விரல் அகலம். உடம்பு முழுக்கவும் வேண்டாம். ஒரு பட்டை தோளிலிருந்து ஓரம்வரை நெடுக்கே ஓடலாம். அல்லது வெள்ளை உடையில் கழுத்தும் கைமுனையும் மட்டும் கறுப்பாக இருக்கலாம். வட்டத்துக்குள் வட்டமாக, துப்பாக்கிப் பயிற்சி இலக்கு போன்ற சின்னம் எம்மாவின் பெரட் என்ற தட்டையான வட்டத் துணித் தொப்பியில் இருந்தது. அது ஒன்று போதும், வேறெங்கும் வடிவம் வேண்டாம்.

தைத்து முடித்ததும் மூன்று மீட்டர் தள்ளிக் கைபேசியை வைத்து, நடந்து வருவதை வீடியோ எடுங்கள். நெளிந்தால் பட்டையை அகலமாக்க வேண்டும்.

ஐந்தாவது: கேட்சூட்

இதற்காகத்தான் பலர் இந்தக் கட்டுரையைத் திறந்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

தோலை மறந்துவிடுங்கள். டயானா ரிக்கே அதைக் கொடுங்கனவு என்றுதான் பின்னாளில் நினைவுகூர்ந்தார். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கழற்றுவதற்கே முக்கால் மணி நேரம் ஆனதாம். பனியன் துணிக் கேட்சூட்டுக்கு மாறிய பிறகு நிம்மதி. ஆனால் அதில் வேறொரு தொல்லை, முழங்கால் தொளதொளத்துப் போகும் என்றார். அதைக் கடைசியில் பார்ப்போம்.

துணி: நான்கு பக்கமும் இழுபடுகிற, ஆனால் கனமான பின்னல் துணி. கடையில் பத்து சென்டிமீட்டர் அளவைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பதின்மூன்றுவரை வந்து, விட்டவுடன் பத்துக்கே திரும்பினால் எடுக்கலாம். திரும்பாமல் பத்தரையில் நின்றால் அது முழங்காலில் பை கட்டும். நீச்சல் உடைத் துணி போல மெல்லியதாகவும் பளபளப்பாகவும் இருந்தால் வேண்டாம்; உள்ளாடை விளிம்பு முழுக்கத் தெரியும். வாங்கியதும் ஒரு முறை அலசிக் காயவைத்த பிறகே வெட்டுங்கள்.

அளவு: மார்பு, இடுப்பு, தொடை எல்லோரும் எடுப்பார்கள். எல்லோரும் மறப்பது ஓர் அளவு, நான் மறந்து அவமானப்பட்டதும் அதுதான். தோளின் நடுவிலிருந்து முன்பக்கமாக இறக்கி, கால்களுக்கு நடுவே கொண்டுபோய், பின்பக்கமாக ஏற்றி அதே தோளில் முடியும் முழுச் சுற்று. ஒரே துண்டு உடுப்பில் இந்தச் சுற்று குறைந்தால் நிற்கும்போது தோள் வலிக்கும், உட்காரும்போது தையல் பிரியும். இதை நின்று ஒரு முறை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் துணி இழுபட்டுக் கொடுக்குமா என்று கணக்குப் போடுங்கள். சந்தேகமாக இருந்தால் பின்பக்க நீளத்தில் மூன்று சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். அகலத்தில் மட்டும் உடம்பளவை விட ஐந்து சதவீதம் குறைத்து வெட்டலாம். நீளத்தில் குறைக்கவே கூடாது.

தையல்: பனியன் துணிக்கு முனை மழுங்கிய ஊசி. கூர் ஊசி நூலை அறுத்து, அங்கே சின்னச் சின்ன ஓட்டை விழும். நேர்த்தையல் போட்டால் துணி இழுபடும், நூல் இழுபடாது. முதல் உதையிலேயே அறுந்துவிடும். ஓவர்லாக் அல்லது மிகக் குறுகிய வளைதையல் (ஜிக்ஜாக்) போடச் சொல்லுங்கள். இரண்டு அக்குளிலும் கால்களுக்கு நடுவிலும் உள்ளங்கையில் பாதி அளவுக்குச் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்துத் தைக்க வேண்டும். வெளியே தெரியாது, ஆனால் கை மேலே போகும், கால் அகலும்.

ஜிப்: முன்பக்கம், கழுத்திலிருந்து தொப்புளுக்குக் கீழே ஒரு சாண்வரை. பின்பக்க ஜிப் பார்க்க அழகு, ஆனால் கழற்ற இன்னொரு ஆள் வேண்டும். இழுபடும் துணியில் ஜிப் வைத்தால் அலை அலையாக நெளியும்; தைக்கும் இடத்தில் ஒட்டு கேன்வாஸ் பட்டை ஒன்றை இஸ்திரியால் ஒட்டிவிட்டுத் தைத்தால் நேராக நிற்கும்.

நிறம்: கறுப்பைத் தவிர எதுவும். கறுப்பு என்றால் திரும்பவும் தோல் நினைவுதான் வரும். ஊதா, அடர் பச்சை, நீலம் எல்லாம் 1967-க்குப் பொருந்தும். பக்கவாட்டில் வேறு நிறப் பட்டை ஒன்று ஓடினால் உயரமாகத் தெரிவீர்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. முள் வைத்த கழுத்துப் பட்டையும் இறுக்கிக் கட்டிய கச்சும் பாம்புமாக எம்மா நிற்கும் ஒரு படம் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. அது ஒரே ஒரு எபிசோடில், கதைக்காகப் போட்ட வேடம். அந்த எபிசோடை அமெரிக்கச் சேனல் அப்போது ஒளிபரப்பவே மறுத்தது. அதை அவளுடைய அன்றாட உடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாவது: கால், தலை, கை

எம்மாவைக் குதிகால் உயர்ந்த ஊசிச் செருப்பில் நிறுத்தினால் எல்லாம் கெட்டுவிடும். கணுக்கால் பூட்ஸோ முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பூட்ஸோ, அடி தட்டையாக அல்லது இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல். வெள்ளைப் பூட்ஸை 1964-இல் பாரிஸில் ஆந்த்ரே குரேஜ் மேடை ஏற்றினார். அங்கிருந்து அது ஊரெல்லாம் பரவியது. வெள்ளை கிடைக்கவில்லை என்றால் கறுப்பே போதும். தங்க நிற பக்கிள் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பெரட்டை நெற்றிக்கு மேல் தட்டையாக வைக்காமல், ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். மணிக்கட்டில் முடியும் கையுறை. வளையல் கூடாது, தொங்கும் காதணி கூடாது. இதில் சில சாமான்களைப் பேட்ஸின் வடிவமைப்பில் ‘அவெஞ்சர்ஸ்வேர்’ என்ற பெயரில் கடைகளிலும் விற்றார்கள். பெரட் செய்தது காங்கோல் நிறுவனம். திரையில் பார்த்ததைக் கடையில் வாங்கலாம் என்பது அன்றைய தொலைக்காட்சிக்குப் புதுசு.

ஏழாவது: முகம்

இது சட்டென்று முடியும். தலைமுடி தோள்வரை, உச்சியில் கொஞ்சம் தூக்கி, நுனி வெளிப்பக்கம் வளைந்திருக்க வேண்டும். மேல் இமையில் தடித்த கறுப்பு மை, உதட்டில் வெளிர் நிறம். சிவப்பு உதட்டுச்சாயம் பூசினால் பத்து வருடம் பின்னுக்குப் போய்விடுவீர்கள். புருவத்தைத் தொடாதீர்கள். ஒற்றைப் புருவத்தை மட்டும் தூக்கத் தெரிந்தால் பாதி எம்மா அங்கேயே வந்துவிட்டாள்.

துணைக்கு ஒருவர் வருவதானால் அவரை நவீனமாக உடுத்த விடாதீர்கள். ஸ்டீடின் கோட்டும் வட்டத் தொப்பியும் குடையும் பழைய இங்கிலாந்து, எம்மா புதிய இங்கிலாந்து. இருவரும் பக்கத்தில் நிற்கும்போது அந்த வேறுபாடு தெரிய வேண்டும். இரண்டு பேரும் பளபளத்தால் விண்வெளிக் கப்பல் ஊழியர்கள் மாதிரி இருப்பீர்கள்.

எட்டாவது: வீட்டிலேயே ஒத்திகை

கண்ணாடி முன் நின்று பார்ப்பது மட்டும் போதாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள். இடுப்பில் துணி ஏறினால் கைக்குழி தவறு. காலை இடுப்பு உயரத்துக்குப் பக்கவாட்டில் வீசுங்கள். பாவாடை தடுத்தால் பக்கத் தையலில் ஒரு சாண் திறப்பு வையுங்கள். பிறகு ஒரு தாழ்வான காரில் ஏறி இறங்குங்கள். எம்மா ஓட்டியது லோட்டஸ் எலான், தரையோடு ஒட்டிய இருவர் கார். குட்டைப் பாவாடையோடு அதில் இறங்க ஒரு முறைதான் இருக்கிறது: முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு, இடுப்போடு மொத்தமாகத் திரும்பி, இரண்டு காலையும் ஒன்றாகத் தரையில் வைக்க வேண்டும். நான்கு தடவை செய்தால் பழகிவிடும். காரில் ஏறும்போதுதான் கேட்சூட்டின் அந்தத் தோள் சுற்று அளவு சரியா இல்லையா என்றும் தெரியும்.

இனி அந்த முழங்கால். பனியன் துணி, மடக்கிய முழங்காலில் நீட்டிக்கொண்டு, எழுந்த பிறகும் அப்படியே தொங்கும். வெட்டும்போதே முழங்காலுக்கு உள்பக்கமாக மெல்லிய இழுதுணி ஒன்றை ஒரு சாண் அகலத்துக்கு வைத்துத் தைத்தால் பெருமளவு குறையும். துவைத்த பிறகு கொடியில் தொங்கவிடாமல் தரையில் விரித்து உலர்த்துங்கள். விருந்துக்குப் போகும் வழியில் காரில் உட்கார்ந்தே முழங்கால் தொங்கிவிட்டதா? உள்ளங்கையை லேசாக நனைத்து, மேலிருந்து கீழாக இரண்டு மூன்று தடவை நீவி, ஐந்து நிமிடம் நின்றுகொண்டே இருங்கள். துணி திரும்பிவிடும். படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அதற்கு முன் உட்காரவே உட்காராதீர்கள்.